சிறைக்குள் போதைப்பொருள்: எங்கே தொடங்குவது, எப்படிச் செய்வது

சிறையில் ஒரு பொட்டலம் பிடிபட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, ‘எந்த வழியாக உள்ளே வந்தது?’ என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்த மாதம் வேறு வழியில் வேறு சரக்கு வந்து சேரும். கூடவே இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். யாருடைய உடம்பு அதைக் கேட்கிறது? அதற்கான பணத்தை யார், எப்படிக் கட்டப் போகிறார்?

இந்த வழிகாட்டி சிறைக் கண்காணிப்பாளர்களுக்கும் காவலர்களுக்கும் சிறை மருத்துவர்களுக்கும் உரியது. வேலையை முதலில் சிகிச்சை, அடுத்து கடன், பிறகு வாயில் என்ற வரிசையில் செய்யச் சொல்கிறோம். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஸ்கேனர் வாங்குகிறார்கள், நாய்களைக் கொண்டுவருகிறார்கள், ஆனால் மருத்துவப் பிரிவில் இரவு நேரத்துக்கு ஆள் இருப்பதில்லை. வாயிலை மட்டும் இறுக்கினால், இடம் அடைக்கிற, மணம் காட்டிக்கொடுக்கிற கஞ்சா குறையும். அந்த இடத்தில் சிறிதாகவும் மணமில்லாமலும் வீரியமாகவும் உள்ள பொருள் வந்து உட்காரும். காகிதத்தில் ஊறவைத்த செயற்கைக் கஞ்சா (கஞ்சாவைப் போல வேலை செய்யும் ஆய்வக வேதிப்பொருள்) பல நாட்டுச் சிறைகளில் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வரத்து குறைய விலை ஏறும், விலை ஏறக் கடன் ஏறும், கடன் ஏற அடிதடி ஏறும். உள்ளே தேவையைக் குறைத்த பிறகு வாயிலை இறுக்கினால் இந்தச் சங்கிலி அறுபடும்.

தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒதுக்கி, இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள். கட்டட வரைபடத்தை எடுத்து, கடந்த 6 மாதங்களில் ஆள் மயங்கி விழுந்த இடம், சண்டை நடந்த இடம், ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட இடம், பொருள் கிடைத்த இடம் ஆகியவற்றை நான்கு நிறத்தில் குறியுங்கள். பக்கத்தில் கிழமையையும் நேரத்தையும் எழுதுங்கள். புள்ளிகள் ஓரிரு தளங்களிலும், கேண்டீன் பொருள் வழங்கும் நாளை ஒட்டியும் திரண்டு நிற்பது கண்ணில் படக்கூடும். எந்தக் கருவி வாங்குவது என்பதையும் எங்கே ஆள் போடுவது என்பதையும் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் இரவு

புதிதாக வருபவரின் முதல் 72 மணி நேரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 30ஆவது விதி, புதிதாக வரும் ஒவ்வொருவரையும் மருத்துவரோ தகுதியுள்ள சுகாதாரப் பணியாளரோ கூடிய விரைவில் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. போதை விலகல் அறிகுறிகளையும் (பொருள் நின்றதும் உடல் படும் அவதி) தற்கொலை ஆபத்தையும் கவனிக்கச் சொல்லும் விதியும் அதுவே. இதை அன்று மாலையே முடியுங்கள். மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள்.

பரிசோதனையைக் காவலர் காதுக்கு எட்டாத இடத்தில் நடத்த வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலர் நிற்கலாம். ‘இங்கே சொல்வது சிகிச்சைக்கு மட்டும், வழக்கில் சேராது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ‘போதைப் பழக்கம் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக எப்போது குடித்தீர்கள், எவ்வளவு? கடைசியாக ஊசி போட்டது எப்போது? தூக்க மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். விழுங்கிய பொட்டலம் எதுவும் வயிற்றில் இருக்கிறதா என்பதையும் இதே அமைதியான குரலில் கேட்க வேண்டும்.

விலகல்களில் உயிரைப் பறிப்பவை எவை என்பதில் குழப்பம் கூடாது. ஹெராயின் விலகலில் வாந்தி, பேதி, உடல்வலி, தூக்கமின்மை எல்லாம் கடுமையாக இருக்கும். அதனால் நேரடியாகச் சாவது அரிது. ஆனால் வாந்தி பேதியால் நீர்ச்சத்து வற்றி இறந்தவர்கள் உண்டு. மது விலகலும் பென்சோடயசெபின் வகைத் தூக்க மாத்திரை விலகலும் நேரடியாகவே கொல்லக்கூடியவை. மது நின்ற 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 12 முதல் 48 மணிக்குள் வரும். 48 முதல் 96 மணிக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாததைக் கண்டு அலறும் நிலை ஏற்படும். இதை ‘ரகளை செய்கிறார்’ என்று எண்ணித் தனிக்கொட்டடியில் பூட்டுவது சிறைகளில் நடக்கும் மிகக் கொடிய தவறுகளில் ஒன்று. நடுக்கம், காய்ச்சல், குழப்பம் மூன்றும் சேர்ந்தால் அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மதுப் பழக்கம் கடுமையாக உள்ளவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி முதல் நாளே தொடங்க வேண்டும். தாமதித்தால் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

தூக்க மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. ‘சிறையில் இது தருவதில்லை’ என்ற விதி எங்காவது இருந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். விலகலின் முதல் 5 இரவுகள் அவரைத் தனியறையில் பூட்டி விட்டுவிடாமல், மருத்துவப் பிரிவிலோ கண்காணிப்புள்ள அறையிலோ வையுங்கள். இரவில் பார்வையிடும் காவலர் மூச்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். போர்வைக்குள் ஆள் இருக்கிறார் என்று டிக் அடிப்பது பார்வை ஆகாது. உரக்கக் குறட்டை விடுகிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று எழுதிவிட்டுப் போன பதிவேடுகள் பல சிறை மரண விசாரணைகளில் வந்திருக்கின்றன. ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருள்) அளவு மீறிய ஓவர்டோஸில் மூச்சுப்பாதை அடைபடும் ஓசையும் குறட்டை போலவே கேட்கும். அசைத்து எழுப்பிப் பாருங்கள்.

மாற்று மருந்து: கொடுப்பதும் காப்பதும்

ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் தரும் மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஹெராயின், மார்ஃபின் வகைப் பொருளுக்கு அடிமையானவருக்கு இவற்றை ஒழுங்காகத் தந்தால், உள்ளே விற்கிற சரக்கை வாங்கும் அவசரம் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகள் முழுவதிலும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் முதல் 6 மாதங்களில், சமீபத்தில் விடுதலையானவர்களிடையே ஓவர்டோஸ் மரணம் 26இலிருந்து 9 ஆகக் குறைந்தது. இவ்வளவு தெளிவான பலன் தரும் நடவடிக்கைகள் சிறை நிர்வாகத்தில் வெகு சில.

மெத்தடோனைத் தொடங்கும்போது முதல் நாள் அளவு வழக்கமாக 10 முதல் 30 மில்லிகிராம். பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 மில்லிகிராம் வரை கூட்டலாம். அதைவிட வேகம் வேண்டாம். மெத்தடோன் உடலில் மெல்லச் சேர்கிறது. முதல் நாள் சரியாகத் தோன்றிய அளவு நான்காம் நாள் மூச்சை நிறுத்தலாம். சிகிச்சையின் முதல் 2 வாரங்களில்தான் மரணங்கள் அதிகம் என்பதை மருந்து கொடுக்கும் செவிலியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் அவரைப் பேச வைத்துப் பாருங்கள். பேச்சு குழறினாலும் கண் செருகினாலும் அன்றைய மருந்தை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள்.

புப்ரினார்ஃபினில் வரும் தவறு வேறு வகை. உடலில் ஹெராயின் இருக்கும்போதே கொடுத்தால் விலகல் அறிகுறிகள் ஒரே மூச்சில் பாய்ந்து வரும். அப்படி ஒருமுறை பட்டவர் மறுபடி சிகிச்சைப் பக்கமே வரமாட்டார். கடைசி ஹெராயினிலிருந்து குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்து, விலகல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகே முதல் 2 அல்லது 4 மில்லிகிராமைக் கொடுக்க வேண்டும். மெத்தடோனிலிருந்து மாறுபவருக்கு இடைவெளி 24 மணிக்கு மேல், சிலருக்கு 72 மணி வரை.

‘மாற்று மருந்தே உள்ளே விற்பனைச் சரக்காகிவிடுமே’ என்பது நிர்வாகிகள் எழுப்பும் நியாயமான ஆட்சேபம். ஆகத்தான் செய்யும், கொடுக்கும் முறை தளர்வாக இருந்தால். முறை இது:

1. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் மருந்து ஜன்னலுக்கு வர வேண்டும். அடுத்தவர் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். வரிசையில் நெருக்கியடித்து நிற்பவர்கள்தான் மருந்தைப் பறிப்பார்கள்.

2. புகைப்பட அட்டையோடு முகத்தை ஒப்பிட்டுப் பெயரையும் பிறந்த நாளையும் அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள்.

3. வாய் வறண்டிருந்தால் மாத்திரை கரையாது; முதலில் ஒரு மிடறு தண்ணீர். புப்ரினார்ஃபின் நாக்கின் அடியில் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை நாற்காலியில், கைகள் தொடைமேல் தெரியும்படி, காவலர் பார்வையில் இருக்க வேண்டும். மெத்தடோன் திரவமானால் குடித்ததும் தண்ணீர் குடிக்கச் செய்து பேச வையுங்கள்.

4. முடிந்ததும் வாயைத் திறந்து நாக்கடி, கன்னம், ஈறு மூன்றையும் பார்க்க வேண்டும்.

காவலர் பார்ப்பது கைகளை, செவிலியர் பார்ப்பது வாயை. இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தால் மற்றது நழுவிவிடும். ஆள் குறைவான சிறையில் வாரத்துக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோ போடும் நீண்டகால புப்ரினார்ஃபின் ஊசி பெரிய விடுதலை. பதுக்கவோ பறிக்கவோ அதில் எதுவும் இல்லை.

ஒருவர் மாத்திரையைத் துப்பி விற்றது தெரிந்தால் உடனே சிகிச்சையை நிறுத்துவது வழக்கம். அது தவறு. பெரும்பாலும் அவரை மிரட்டி வாங்குகிறார்கள், அல்லது அவருக்குத் தரும் அளவு போதவில்லை, அல்லது கடன் இருக்கிறது. மூன்றில் எது என்று கண்டுபிடித்து, ஊசிக்கு மாற்றுங்கள். நிறுத்தினால் மறுநாள் அவர் வாங்குபவராகிவிடுவார்.

பிரெகாபலின், காபாபென்டின், டிராமடால், குவெட்டியாபைன் போன்ற மற்ற வலி, மனநல மருந்துகளுக்கும் உள்ளே விலை உண்டு. மாதம் ஒருமுறை மருத்துவரும் மருந்தாளரும் உட்கார்ந்து யாருக்கு ஏன் தரப்படுகிறது என்று பட்டியலைப் பார்க்கட்டும். உண்மையான வலி உள்ளவரின் மருந்தை ஒட்டுமொத்தத் தடையால் பறித்துவிடாதீர்கள்.

கடன்

சிறையில் போதைப்பொருள் பெரும்பாலும் ரொக்கத்துக்கு விற்கப்படுவதில்லை, கடனுக்குத்தான். ஒன்று வாங்கினால் அடுத்த வாரம் இரண்டு. தவறினால் நான்கு. கேண்டீன் பொருள் தீர்ந்ததும் வீட்டுக்குப் போன் வரும், அம்மாவோ மனைவியோ முன்பின் தெரியாத ஒரு கணக்குக்குப் பணம் அனுப்புவார்கள். அதுவும் முடிந்தால் உடலால் கட்ட வேண்டும். பிறர் சரக்கைத் தன் அறையில் ஒளித்து வைக்க வேண்டும், புதிதாக வந்த வீரியம் தெரியாத பொருளை முதலில் இழுத்துக் காட்ட வேண்டும், இன்னொருவரை அடிக்க வேண்டும். ‘போதை வழக்கு’, ‘அடிதடி வழக்கு’, ‘தற்கொலை முயற்சி’ என்று மூன்று பதிவேடுகளில் தனித்தனியாக ஏறுவது பல நேரம் ஒரே கடனின் மூன்று முகங்கள்.

அடையாளங்களை ஒவ்வொரு காவலரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கேண்டீன் நாளன்று வாங்கியவை மாலைக்குள் அறையில் இல்லை. நல்ல காலணி, கைக்கடிகாரம் காணாமல் போய்விடும். திடீரென்று வெளியே வர மறுப்பார், உணவுக்கூடத்துக்கு வரமாட்டார், வேறு பிளாக்குக்கு மாற்றச் சொல்வார், காரணம் சொல்லமாட்டார். தனிக்கொட்டடிக்குப் போவதற்காகவே விதியை மீறுவார். ‘படியில் விழுந்துவிட்டேன்’ என்று ஒரே மாதத்தில் இரண்டு முறை சொல்வார். வீட்டுப் போனில் குரல் மாறும். நேர்காணலுக்கு வந்த குடும்பம் அழுதுகொண்டு போகும்.

இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும், அன்றே பேச வேண்டும். மற்றவர் முன்னிலையில் கூப்பிட்டால் அவரை ‘தகவல் சொன்னவன்’ ஆக்கிவிடுவீர்கள். மருத்துவ அழைப்பு, சட்ட உதவி, நூலகம் என்று வேறு காரணத்தில் பலரோடு சேர்த்து அழையுங்கள். ‘யாருக்குக் கொடுக்க வேண்டும்?’ என்று தொடங்காதீர்கள். ‘எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது, எப்போது கெடு?’ என்று கேட்டால் பெயர் சொல்லாமலே பேச அவருக்கு வழி கிடைக்கும். கெடு நாள் தெரிந்தால் பாதுகாப்பு எந்த நாளில் தேவை என்பது தெரிந்துவிடும்.

பிறகு செய்ய வேண்டியது: மிரட்டுபவரை நகர்த்துங்கள். மிரட்டப்படுபவரை நகர்த்துவது சுலபம் என்பதால் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அவரோடு கடனும் புது பிளாக்குக்கு வந்து சேரும், பழைய இடத்தில் வசூல் செய்பவர் அடுத்தவரைப் பிடிப்பார். ஆதாரம் போதாமல் மிரட்டுபவரை நகர்த்த முடியாவிட்டால், அந்தத் தளத்தில் ஆள் கூட்டி, இருவரும் வெளியே வரும் நேரத்தைப் பிரித்து வையுங்கள். கடனை நிர்வாகம் கட்டிவிடுவதோ குடும்பத்தைக் கட்டச் சொல்வதோ கூடாது. அது வசூல் முறை வேலை செய்கிறது என்று காட்டிவிடும். குடும்பத்துக்கு ஒரு தனித் தொலைபேசி எண் கொடுங்கள். பணம் கேட்டு மிரட்டல் வந்தால் பெயர் சொல்லாமல் தெரிவிக்கட்டும். அந்த எண்ணுக்கு வரும் செய்தியை 24 மணி நேரத்துக்குள் ஒருவர் படித்துச் செயல்பட வேண்டும். படிக்கப்படாத எண், இல்லாததைவிட மோசம்.

கடன் முளைக்கும் இடத்தையும் அடைத்துவிடுங்கள். புதிதாக வருபவரின் கணக்கில் பணம் ஏற ஓரிரு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் சோப்பு, பிஸ்கட், போன் நேரம் எதற்கும் வழியில்லாமல் தவிப்பார். முதல் கடனைக் கொடுப்பவர் அப்போதுதான் கனிவான முகத்தோடு வருவார். வரும் நாளிலேயே ஒரு சிறு பொருள் பையும், வீட்டுக்குப் பேச ஒரு இலவச அழைப்பும் கொடுத்தால் அந்த முகத்துக்கு வேலை இல்லை. சிறைவாசி ஒருவர் கையில் மற்றவர்கள்மீது அதிகாரம் தரும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் எந்தச் சிறைவாசிக்கும் இருக்கக் கூடாது என்கிறது மண்டேலா விதி 40. யாருக்கு எந்த அறை என்று முடிவு செய்பவர் சிறைவாசியாக இருந்தால் அந்த பிளாக்கின் வியாபாரமும் அவர் கையில்தான் இருக்கும்.

வாயில்கள்

உள்ளே வரும் வழிகள் எல்லாச் சிறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடிதமும் பார்சலும், நேர்காணல், மதிலுக்கு மேல் எறிவது அல்லது டிரோன், நீதிமன்றம் போய்த் திரும்புபவர்கள், பொருள் கொண்டுவரும் வண்டி, ஊழியர். ஒன்றை மட்டும் அடைத்தால் மற்றது விரியும். வரைபடத்தில் எந்த வழி பெரிதோ அதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் ஆறையும் ஒரே மாதத்துக்குள் தொட்டுவிடுங்கள்.

கடிதம்: செயற்கைக் கஞ்சாவைக் கரைத்துத் தாளில் தெளித்துக் காயவைத்து அனுப்புகிறார்கள். குழந்தை வரைந்த படம், வாழ்த்து அட்டை, வழக்குத் தாள் என்று எந்த உருவிலும் வரலாம். தாள் வழக்கத்தைவிட மொரமொரப்பாக இருக்கும், கறை இருக்கும், சில நேரம் ஒன்றும் தெரியாது. அசலை வைத்துக்கொண்டு நகலைக் கொடுப்பது பலன் தருகிறது. ஸ்காட்லாந்துச் சிறைகள் 2021இல் இம்முறைக்கு மாறின. ஆனால் நகல் அன்றே போய்ச் சேர வேண்டும். கையால் எழுதிய கடிதம் மூன்று வாரம் தேங்கினால் சிறைவாசிகள் மனம் ஒடிந்துபோவார்கள், அந்த வெறுமையும் போதைக்கே தள்ளும். வழக்கறிஞர் கடிதத்தை அவரவர் முன்னிலையில், படிக்காமல், உறையை மட்டும் திறந்து சோதிக்க வேண்டும். அனுப்பியவர் உண்மையான வழக்கறிஞர்தானா என்று முன்பே தெரிந்த எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாளை ஆராயும் அயனி நகர்வுக் கருவி விரைவாகச் சொல்லும், ஆனால் தவறாகவும் சொல்லும். மேசையைத் துடைக்காமல் அடுத்த தாளை வைத்தால் முந்தைய தாளின் தூசு அடுத்தவரைக் குற்றவாளியாக்கிவிடும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கையுறை மாற்றி, வெற்றுத் துடைப்பானை முதலில் ஓட்டிப் பாருங்கள். கருவியின் முடிவை மட்டும் வைத்துத் தண்டனை தரக் கூடாது. ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். புதிது புதிதாக வரும் வேதிப்பொருள்களுக்குக் கருவியின் நூலகத்தை (அது அடையாளம் காணும் பொருள்களின் பட்டியலை) புதுப்பிக்காவிட்டால், அது ‘இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நேர்காணல்: இதில்தான் நிர்வாகங்கள் அத்துமீறுகின்றன. ஆடை களைந்து சோதிப்பதும் குழந்தைகளைத் தொட்டுச் சோதிப்பதும் குடும்பத்தை வராமல் செய்துவிடும். பார்வையாளரை இழிவுபடுத்தாமல் சோதிக்க வேண்டும், உடல் துவாரச் சோதனையைத் தவிர்க்க வேண்டும், குழந்தைகள்மீது அதைச் செய்யவே கூடாது என்கிறது விதி 60. லாக்கரில் உடைமைகள், மெட்டல் டிடெக்டர், அருகில் அமைதியாக உட்காரும் நாய், பாக்கெட் இல்லாத உடை விதி, தாழ்வான மேசை, எல்லா மேசையையும் பார்க்கும் கேமரா இவை பெரும்பாலும் போதும். நாய் ஒருவரிடம் உட்கார்ந்தால் அன்று கண்ணாடிக்கு அப்பால் பேச விடுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள். குடும்பத்தைப் பார்க்கத் தடை விதிப்பதைத் தண்டனையாகப் பயன்படுத்த விதி 43 அனுமதிக்கவில்லை. போதையிலிருந்து மீள்பவருக்குக் குடும்பம்தான் முதல் பிடிமானம்.

மதில்: கதவு திறக்கும் முன், விடிந்ததும், முற்றத்தையும் கூரையையும் புல்லையும் வரிசையாக நடந்து தேட வேண்டும். டென்னிஸ் பந்து, இறந்த பறவை, பழத்தோல் என எதற்குள்ளும் இருக்கும். டிரோன் பெரும்பாலும் ஜன்னலுக்கே வரும். உடைந்த ஜன்னல் கம்பியைச் சரி செய்வது எந்தக் கருவியையும்விட மலிவு. டிரோன் சிக்னலைத் தடுக்கும் கருவிக்குப் பல நாடுகளில் சட்ட அனுமதி தேவை. வாங்கும் முன் கேளுங்கள்.

உடலுக்குள் ஒளித்துக் கொண்டுவருபவர்: எக்ஸ்ரே ஸ்கேனர் உதவும். ஒவ்வொருவரும் பெற்ற கதிர்வீச்சு எண்ணிக்கையைப் பதிய வேண்டும், கர்ப்பிணிகளை அதில் நிறுத்தக் கூடாது. நிழல் தெரிந்தால் உரிய பயிற்சி இல்லாத காவலர் கையால் தேடக் கூடாது. அவசியமானால், அந்தச் சிறைவாசிக்குச் சிகிச்சை தரும் முதன்மைப் பொறுப்பில் இல்லாத மருத்துவப் பணியாளரோ, குறைந்தபட்சம் மருத்துவப் பணியாளரிடம் உரிய பயிற்சி பெற்ற ஊழியரோதான் செய்ய வேண்டும் என்று விதி 52 சொல்கிறது. அவசரத்தில் விழுங்கிய, சரியாகச் சுற்றாத பொட்டலம் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அவரை ‘வெளியே வரட்டும்’ என்று உலர் கொட்டடியில் (கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் இல்லாத அறை) காக்க வைக்காதீர்கள், மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பாரஃபின் எண்ணெய் போன்ற பேதி மருந்து கொடுக்கக் கூடாது, ரப்பர் உறையை அது இளக்கும்.

ஊழியர்: சொல்லக் கசப்பானாலும், கண்காணிப்பாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பணிநேரத்திலும் அதே வாயிலில் அதே சோதனைக்கு உட்பட வேண்டும். மேலதிகாரி விலக்கு பெற்றால் மற்றவர்களிடம் சோதனை நாடகமாகிவிடும். ஒளி ஊடுருவும் பை, உணவுக்கு அளவு, செல்போனுக்கு வெளியே லாக்கர். சரக்கு கொண்டுவரும் ஊழியர் முதல் நாளே குற்றவாளி இல்லை. ஒரு சிகரெட், ஒரு கடிதம் என்ற சிறு உதவியில் சிக்கி, பிறகு அதைக் காட்டி மிரட்டப்படுகிறார். முதல் தவறு செய்தவர் தானாக வந்து சொல்ல ஒரு வழியும், சொன்னால் வேலை போகாது என்ற எழுத்து உறுதியும் இருந்தால், பெரிய கடத்தல்கள் சிறியதிலேயே முடியும்.

சிறுநீர்ப் பரிசோதனை

இங்கிலாந்தும் வேல்ஸும் 1996 முதல் சிறைகளில் கட்டாயச் சிறுநீர்ப் பரிசோதனை நடத்துகின்றன. அதிலிருந்து எழுந்த கவலை எல்லோருக்கும் பாடம். தொடர்ந்து கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில் தடயம் இருக்கும். ஹெராயின் இரண்டு மூன்று நாளில் போய்விடும். பிடிபடாமல் இருக்க விரும்புபவர் எதற்கு மாறுவார் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணப் பட்டைப் பரிசோதனை செயற்கைக் கஞ்சாவைக் காட்டுவதும் இல்லை. எனவே கஞ்சா முடிவுக்குத் தரும் தண்டனையை ஹெராயினுக்கு நிகராக வைக்காதீர்கள், நேர்மறை வந்தால் முதல் நடவடிக்கை சிகிச்சைப் பரிந்துரையாக இருக்கட்டும்.

மாதிரி எடுக்கும்போது 4 நிமிடத்துக்குள் வெப்பம் பாருங்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்கு வெளியே இருந்தால் மாற்றப்பட்டிருக்கலாம். கிரியேட்டினின் (சிறுநீரில் இயல்பாக உள்ள கழிவுப்பொருள்) ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் நீர்த்தது. மாதிரியை இரண்டு குப்பிகளாகப் பிரித்து அவர் கண்முன் முத்திரையிட்டு, ஒன்றை மறுபரிசோதனைக்கு வைக்க வேண்டும். கசகசாவும் சில மருந்துகளும் பொய் நேர்மறை தரும். மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் யாரையும் தண்டிக்காதீர்கள்.

ஒருவர் மயங்கி விழுந்தால்

1. உரக்க அழைத்து, தோளைத் தட்டி, மார்பெலும்பைக் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அலாரம் அடித்து ஆம்புலன்ஸை அப்போதே கூப்பிடச் சொல்லுங்கள். மேலதிகாரி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். இரவு அறைக் கதவைத் திறக்க எத்தனை பேர் தேவை என்ற விதியில் உயிராபத்துக்கு விலக்கு எழுதி வைத்திருக்க வேண்டும்.

2. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலமாகி, மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் கீழ் போனால் ஓபியாய்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மூச்சுப்பாதையைத் திறந்து, முகமூடிப் பையால் 5 அல்லது 6 விநாடிக்கு ஒருமுறை மூச்சு கொடுங்கள். உயிரைக் காப்பது மூச்சுதான். மருந்து அதற்குத் துணை. நாடியே இல்லையென்றால் மார்பழுத்தம் தொடங்குங்கள்.

4. நலோக்சோன் (ஓபியாய்டின் வேலையை முறிக்கும் மருந்து): தசையில் 0.4 மில்லிகிராம், அல்லது மூக்கில் ஒரு ஸ்பிரே. 2 முதல் 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறுபடியும். நைட்டசீன், ஃபென்டனில் போன்ற வீரியம் மிக்க செயற்கை ஓபியாய்டுகளுக்கு ஒரு முறை போதாமல் போகலாம்.

5. எழுந்ததும் அறைக்கு அனுப்பாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடமே வேலை செய்யும். மெத்தடோன் அதைவிட வெகுநேரம் உடலில் இருக்கும், மூச்சு மறுபடி நிற்கலாம். குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பு, மெத்தடோனானால் மருத்துவமனை.

செயற்கைக் கஞ்சாவால் விழுந்தவருக்கு நலோக்சோன் பலன் தராது, கெடுதலும் செய்யாது, சந்தேகமிருந்தால் கொடுத்துவிடுங்கள். தாளில் மருந்து சீராகப் பரவியிருக்காது. ஒரு துண்டில் ஒன்றுமில்லாமல் பக்கத்துத் துண்டில் பல மடங்கு இருக்கும். அதனால் ஒரே தளத்தில் ஒருவர் விழுந்தால் உடனே மற்ற அறைகளையும் எட்டிப் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்துத் தலையைக் காத்து, வாயில் எதையும் திணிக்காமல் நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் அவசரச் சிகிச்சை. வெறிகொண்டு ஆடுபவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் ஏறி அடக்குவது கொலைக்குச் சமம்.

நலோக்சோன் ஒவ்வொரு தளத்திலும் காவலர் மேசையில், பூட்டில்லாமல் இருக்க வேண்டும். மருத்துவ அறை அலமாரியில் பூட்டி வைத்தது இரவில் யாருக்கும் உதவாது. ஃபென்டனில் தூள் தோலில் பட்டதும் காவலர் மயங்கிவிடுவார் என்ற பயம் ஆதாரமற்றது. நைட்ரைல் கையுறை போதும். அந்தப் பயத்தால் உதவத் தயங்கிய விநாடிகள்தான் ஆபத்தானவை.

ஊசி பகிர்தல் நடக்கிறது என்று தெரிந்தால் எச்ஐவி, ஹெப்படைடிஸ்-சி (கல்லீரல் தொற்று) இரண்டுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் உள்ளேயே கொடுங்கள். சுவிட்சர்லாந்தின் ஓபர்ஷோன்குரூன் சிறை 1992இலேயே சுத்தமான ஊசி வழங்கத் தொடங்கியது. சட்டம் இடம் தரும் நாடுகளில் அது சிந்திக்க வேண்டிய வழி.

விடுதலை நாள்

உள்ளே இருந்த காலத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. வெளியே போனதும் பழைய அளவையே எடுப்பார். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,237 பேரை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், முதல் 2 வாரத்தில் அவர்கள் போதை ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைவிட 129 மடங்கு இருந்தது. ஸ்காட்லாந்து 2011இல் தொடங்கிய தேசிய நலோக்சோன் திட்டத்தில் விடுதலையாகும் கைதிகளுக்கும் அந்த மருந்து தரப்படுகிறது.

எனவே விடுதலைக்கு 4 வாரம் முன்பே வெளி மருத்துவமனையில் தேதி வாங்குங்கள்; அந்தத் தேதி விடுதலைக்கு மறுநாளாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை விடுவித்தால் திங்கள் வரை மருந்து கிடைக்காது. முடிந்தால் வாரத் தொடக்கத்தில் விடுவியுங்கள், முடியாவிட்டால் இடைப்பட்ட நாட்களுக்கு மருந்தைக் கையில் கொடுத்தனுப்புங்கள், அல்லது அன்று காலை நீண்டகால ஊசி போடுங்கள். நீதிமன்றத்திலிருந்து திடீரென்று விடுதலையாகிறவர்கள்தான் தவறிப்போகிறார்கள். நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொருவரின் பையிலும் மருந்துச் சீட்டும் மருத்துவமனை முகவரியும் முன்பே இருக்க வேண்டும். ‘தனியாக எடுக்காதே, பழைய அளவில் கால்வாசிகூட அதிகம்’ என்று அவரிடமும், நலோக்சோனை எப்படிப் போடுவது என்று கூட்டிப்போக வந்த வீட்டாரிடமும் வாயிலிலேயே சொல்லுங்கள். பயிற்சி ஊசியை அவர்கள் கையில் கொடுத்து ஒருமுறை செய்துகாட்டச் சொல்ல 10 நிமிடம் போதும்.